உப்புப் பார்க்காத கஞ்சி

திருச்சி மத்திய சிறையில்
ஆயிரத்து இருநூறு பேருக்கு உலை வைத்தவன் நான்.
விடுதலையாகி வந்த அன்று
ஒரு ஆளுக்கு எத்தனை பிடி அரிசி என்று தெரியவில்லை.
பொங்கி வழிந்தது.
மூன்று நாள் அதையே தின்றேன்.

நாலாம் நாள் மோதினார் காசிம் வந்தார்.
பதினோரு வருஷம், மாதத்தில் ஒரு வியாழக்கிழமை,
கம்பிக்கு அந்தப் பக்கம்
பேரீச்சம்பழமும் துணிசோப்பும் கொண்டுவந்த மனுஷன்.
திருந்து என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.
வெட்டாற்றில் தண்ணீர் வந்ததா,
நடவு முடிந்ததா, சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

இப்போதும் அப்படித்தான்:
'ஜக்கரியா சிங்கப்பூர் போயிட்டான்.
நாளை மறுநாள் தலை நோன்பு.
தினம் இருபது படி நொய். காய்ச்ச ஆள் இல்ல.'

ஜமாத்தில் இதற்காக இரண்டு கூட்டம் நடந்ததாம்.
முதல் கூட்டத்தில் நாற்காலி உடைந்ததாம்.
அதை அவர் சொல்லவில்லை,
நாற்காலியை ஒட்டவைத்த ஆசாரி சொன்னான்.

முதல் இரவுத் தொழுகை.
என் வலத்தோள் பக்கம் ஒரு ஆள் இடம் காலி.
'தோளோடு தோள் சேருங்க,
நடுவுல இடம் விட்டா சைத்தான் வந்து நிப்பான்'
என்றார் இமாம், யாரையும் பார்க்காமல்.
யாரும் நகரவில்லை.
அது சைத்தானுக்கு விட்ட இடமா,
சபூருக்கு விட்ட இடமா?
அவன் எப்போதும் எனக்கு வலப்பக்கம்தான் நிற்பான்.

சபூரும் நானும் கூட்டாக வாங்கிய அறுப்பு மிஷின்.
வாடகைக் கணக்கில் எண்ணூறு ரூபாய் இடித்தது.
கையில் ஸ்பேனர் இருந்தது.
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில்
அம்மாப்பேட்டை தாண்டவில்லை அவன்.

இப்போது தாளடி அறுப்பு.
பள்ளிவாசலுக்குப் பின்னால் வயலில்
மிஷின் உறுமும்போதெல்லாம்
துடுப்பு பிடித்த கை நின்றுவிடும்.
வெந்தயம் அடியில் பிடிக்கும்.
மறுபடி கிண்டுவேன்.

அஸருக்குப் பிறகு தூக்குவாளிகள் வரிசையாக வரும்.
மூன்றாம் நாள், பத்து வயசு இருக்கும்,
பச்சைத் தாவணியைத் தலையில் முக்காடாகப் போட்ட பெண்.
'நிறைய ஊத்துங்க, உம்மாவும் நோன்பு.'
ஊற்றினேன்.
அது போன பிறகு பின்னால் நின்ற பையன்
சும்மா சொன்னான்: 'சபூர் மாமா மக.'
அவன் சாகும்போது வயிற்றில் இருந்தது.
அடுத்த நாலு வாளிக்கு
எப்படி ஊற்றினேன் என்று நினைவில்லை.

பிறகு நான்கு நாள் அந்த வாளி வரவில்லை.

ஐந்தாம் நாள் ஜொகரா வந்தாள்.
வாளியை நீட்டவில்லை, சுவர்மேல் வைத்தாள்.
நான் ஊற்றி முடிக்கும்வரை
தேக்சாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினோரு வருஷமாக
இரவில் நான் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம்
புதினா வாசனையில் காணாமல் போனது.
'உப்பு கம்மி' என்றாள்.
தேக்சாவிடம் சொல்வதுபோல.
போய்விட்டாள்.

சிறையில் வார்டர் நக்கிப் பார்த்துச் சொல்வார்.
இங்கே ஊரே நோன்பு.
கண்ணால்தான் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எதிர்ச்சாரியில் பஞ்சர் ஒட்டும்
உத்திராபதியைக் கூப்பிட்டேன்.
'இந்தத் தெருவில் இப்போ நாக்கு உள்ள ஆள் நீதான்.'
டயர்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான்.
ஒரு கரண்டி. கண்ணை மூடினான்.
இன்னொரு கரண்டி கேட்டான்.
'ஒரு கை போடலாம்' என்றான். போட்டேன்.
'இன்னும் அரைக் கை.'
அதிலிருந்து தினமும் நாலே காலுக்கு
கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவான்.

தாவணிப் பெண் திரும்ப வருகிறாள்.
வாளியைக் கையில் பிடித்து நீட்டுகிறாள்.
உப்பைப் பற்றி வீட்டிலிருந்து
ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.
மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க
எனக்குத் தைரியம் இல்லை.
கஞ்சி சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தோள் பக்கத்து இடம்
முதலில் ஒரு ஆள் இருந்தது, பிறகு ஒரு முழம்.
நேற்று மோதினார் கேட்டார், எவ்வளவு என்று.
ஒரு சாண் என்றேன்.
'பிறை இருபத்தொண்ணுதான் ஆகுது' என்றார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை.
பம்படியில் தேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு
தேங்காய் நாரால் தேய்க்கிறேன்.
அடியில் ஒரு கறுப்பு வட்டம், போகவில்லை.
நாளைக்கும் இதிலேதான் காய்ச்ச வேண்டும்.